நீச்சல் குளத்தில் காட்டுத்தீச் சாம்பலா?

எடுத்த எடுப்பில் குளோரினைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் சாம்பல் வெளியேற வேண்டும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மிதப்பதை வலையால் அள்ளி, பம்பின் கூடையையும் காலி செய்யுங்கள். சுவர்களைத் தேய்த்துவிடுங்கள். அடியில் படிந்த கரும்பொடியை உறிஞ்சும்போது, அந்த நீரை வடிகட்டிக்கு அனுப்பாமல் நேரே வெளியேற்றுவதே நல்லது. மாவு போன்ற அந்தத் துகள் வடிகட்டியை அடைத்துவிடும். மணல் வடிகட்டி என்றால் அதன் வழியே நழுவி மீண்டும் குளத்துக்கே வந்துவிடும். பிறகு நீர் தெளியும்வரை வடிகட்டியை நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதன் அழுத்தமானி ஏறும்போதெல்லாம் வடிகட்டியைக் கழுவுங்கள்.

சாம்பல் காரத்தன்மை உடையது. அது நீரின் பி.எச். (அமில-கார நிலையைக் காட்டும்) அளவை ஏற்றும். பி.எச். ஏறினால் குளோரின் வலுவிழக்கும், அதனால் 7.2 முதல் 7.8க்குள் கொண்டுவந்த பின்னரே குளோரின் சேருங்கள். சாம்பலின் பாஸ்பேட் பாசியை வளர்க்கும் என்பதால், அடுத்த சில வாரங்கள் நீரை அடிக்கடி சோதியுங்கள். அடித்தளம் தெளிவாகத் தெரியும்வரை குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.