ஊட்டிக் குளிருக்கு ஏற்ற டிபன் பாக்ஸ்

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டிய சோறு மதியத்துக்குள் விறைத்துவிடும். அதனால் சாதாரண எவர்சில்வர் டப்பாவைவிட இரட்டைச் சுவர் வைத்த வேக்குவம் டப்பாதான் இங்கே சரி. சோறு போடும் முன் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் சில்லிட்ட டப்பாவே பாதிச் சூட்டைக் குடித்துவிடும்.

கடையிலேயே பிள்ளையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சூடாக அடைத்தது ஆற ஆற உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை யாரிடம் போய் நிற்கும்? அப்புறம், மூடியின் சிலிக்கோன் வளையம் தனியாகக் கழன்று வர வேண்டும். வராவிட்டால் புளிக்குழம்பு வாடை அதிலேயே குடியிருக்கும்.

டப்பாவை வைக்கும் பைக்குத் தடித்த கேன்வாஸ் அழகுதான். ஆனால் ஜூலை மழையில் காயவே காயாது, பூசணம் பூக்கும். மெல்லிய காடாத் துணியில் இரண்டு பை தைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக் கேரி பேக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. தடையை விடுங்கள், அதன் சரசரப்பு கேட்டாலே இங்குள்ள குரங்குகள் இறங்கி வந்துவிடும்.