தொடர் கணக்கெடுப்பில் குடும்பங்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் சந்திக்கும் ஆய்வில், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சியிருப்போரில் 10 விழுக்காட்டினர் விடுபட்டால், 100 பேரில் ஐந்து சுற்றுகளுக்குப் பின் 59 பேரே எஞ்சுவர். அந்த எண்ணிக்கையைவிட, விடுபடுபவர்கள் யார் என்பதே எனக்குப் பெரிய கவலை: பிழைப்புக்காக வெளியூர் போன கூலிக் குடும்பங்கள் மட்டும் மறைந்தால், ஊரின் சராசரி வருமானம் உயராமலேயே உயர்ந்ததாகக் கணக்கு காட்டும்.

எனவே, முதல் சந்திப்பிலேயே தொடர்புத் தாளை முழுமையாக நிரப்புங்கள். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து தனி மாவட்டங்களாயின என்பதால், மாவட்டப் பெயரை மட்டும் நம்பாமல், கிராமம், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது ரேஷன் கடை, ஊரார் அழைக்கும் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். வேறு வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினர் இருவரின் கைபேசி எண்களையும், எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கிச் சம்மதத்துடன் வாங்குங்கள். பெண்கள் மணமாகிப் புகுந்த வீடு சென்றாலும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது வழக்கமாதலால், அவர்களுக்குத் தாயின் எண் மிக முக்கியம். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் வட்டாரத்திலும் பிறந்த குழந்தைகளைக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அவர்கள் பெரியவர்களான பிறகும் தேடிச் சென்று பரிசோதித்தார்கள். கைபேசி இல்லாத காலத்தில் தொடங்கிய ஆய்வு அது.

அடுத்து, காலத்தைத் தேர்ந்தெடுங்கள். குடியாத்தம் பக்கம் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்கள் வீடு திரும்புவார்கள். விழா நாளைத் தவிர்த்து, அதையொட்டிய நாட்களில் செல்லலாம்.

ஒருவரைச் சந்திக்க முடியாவிட்டால் இடம்பெயர்ந்தார், மறுத்தார், இறந்தார், கிடைக்கவில்லை என்று காரணத்தைத் தனித்தனியே குறியுங்கள். மறுத்தவரை வற்புறுத்தக் கூடாது. விலகுவது அவர் உரிமை.

பின்னர், விடுபட்டவர்களையும் தொடர்பவர்களையும் முதல் சுற்றுத் தகவலைக் கொண்டு ஒப்பிடுங்கள். நிலமற்ற 40 குடும்பங்களில் 20 மட்டும் எஞ்சினால் அவை ஒவ்வொன்றுக்கும் 2 என்றும், நிலமுள்ள 60இல் 54 எஞ்சினால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1.11 என்றும் எடை (எஞ்சிய ஒரு குடும்பம் தொடக்கத்தில் இருந்த எத்தனை குடும்பங்களுக்கு ஈடு என்ற எண்) கொடுத்துச் சராசரி காண வேண்டும். முதல் சுற்றில் கேட்காத எதையும் இந்த எடையால் சரிசெய்ய முடியாது என்பதால், "அடுத்த ஆண்டுக்குள் வெளியூர் போகும் எண்ணம் உண்டா?" என்ற கேள்வியை முதல் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.