மாடு படலையை முட்டினால் வீட்டுக்குள் மணி: ஆர்முடுகல்மானியால் மோதலைப் பிடிக்கும் செய்முறை

வன்னியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாக்காலி மாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காய் பிடிக்கிற நேரம் பார்த்து இரவில் வரும். முதலில் படலையை நெற்றியால் மெல்லத் தள்ளிப் பார்க்கும். கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் இரண்டு முட்டு, அவ்வளவுதான், உள்ளே வந்துவிடும். எங்கள் வளவில் இரண்டு பாத்தி போன காலையில், "படலை கட்டித்தானே கிடந்தது, எப்பிடியடா வந்தது?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த முதல் இரண்டு முட்டிலேயே வீட்டுக்குள் மணி அடித்திருந்தால் எழும்பிப் போய் விரட்டியிருக்கலாம். அதற்காகச் செய்த கருவிதான் இது. ஆர்டுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையை ஒருமுறையாவது கணினியில் செருகி லைற் மினுக்கியவர்கள் எல்லாரும் செய்யலாம்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ ஒன்று, எம்பியூ 6050 சென்சர் பலகை ஒன்று, 5 வோல்ற் பஸர், 2என்2222 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் தடை, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, வீட்டில் இருந்து படலை வரைக்கும் மூன்று இழை வயர், பழைய 5 வோல்ற் போன் சார்ஜர்.

சென்சர் எதை உணர்கிறது

பள்ளிக்கூடத்தில் ஆர்முடுகல் என்று படித்தோமே, அதை அளப்பதுதான் ஆர்முடுகல்மானி. இந்தியப் புத்தகங்களில் முடுக்கமானி என்று இருக்கும். சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் துண்டு, சிலிக்கன் வில்லிலேயே தொங்குகிறது. பலகை அசைந்தால் அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளி மாற்றத்தைக் கொள்ளளவ (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவின்) மாற்றமாக அளந்து எண்ணாகத் தருகிறார்கள். காரின் காற்றுப்பையை விரிக்கச் சொல்வதும் இதே வகைச் சென்சர்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். மேசையில் அசையாமல் கிடந்தாலும் இது பூச்சியம் காட்டாது. மேசை அதைத் தாங்கிப் பிடிப்பதால் மேல்நோக்கி 1 ஜி காட்டும். 1 ஜி என்றால் செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர். பூச்சியம் காட்டுவது விழுந்துகொண்டிருக்கும்போதுதான்.

இணைப்பும் எழுப்புதலும்

சென்சரின் விசிசி ஊனோவின் 5 வோல்ற்றுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, எஸ்டிஏ ஏ4 முனைக்கு, எஸ்சிஎல் ஏ5 முனைக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜிவை 521 பலகையில் 3.3 வோல்ற்றுக்கு இறக்கும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. இந்த நான்கு வயரும் ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் வாசிப்பு குழம்பும்.

ஆர்டுயினோ நிரலில் 'வயர்' (Wire) என்ற ஆயத்த நூலகத்தைச் சேர்த்துவிட்டு 104 என்ற முகவரியைக் கூப்பிடுங்கள். தரவுத்தாளில் எண்கள் வேறு வடிவத்தில் இருக்கும். நான் எல்லாவற்றையும் சாதாரணப் பத்தின் அடியில் தருகிறேன், ஆர்டுயினோ அதையும் ஏற்கும். முதலில் 117ஆம் பதிவகத்தை (சில்லுக்குள் எண் வைக்கும் இடம்) வாசியுங்கள். 104 என்று பதில் வந்தால் இணைப்புச் சரி. 112 வந்தால் உள்ளே இருப்பது 6500 சில்லு, இந்தச் செய்முறை அதற்கும் பொருந்தும். அப்புறம் 107ஆம் பதிவகத்தில் 0 எழுதுங்கள். மின்சாரம் வரும்போது இந்தச் சில்லு உறக்கத்தில் இருக்கும், அதை எழுப்புவது இந்த 0. அடுத்து 28ஆம் பதிவகத்தில் 16 எழுதினால் வீச்சு கூட்டல் கழித்தல் 8 ஜி ஆகும். அப்போது 1 ஜி என்பது 4096 என்ற எண்.

இனி 59இல் தொடங்கி ஆறு பைட் வாசியுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு பைட். முதலாவதை எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி, இரண்டாவதை அதோடு சேர்த்து, குறியுள்ள 16 பிட் எண்ணில் போடுங்கள். பலகையைக் கையில் புரட்டிப் பாருங்கள். மேலே பார்க்கும் அச்சு 4096க்குக் கிட்டவும் மற்ற இரண்டும் பூச்சியத்துக்குக் கிட்டவும் வரவேண்டும்.

வேகம்: நான் கோட்டை விட்ட இடம்

இதை ஆறுதலாக வாசியுங்கள். முதலில் செய்தபோது, மற்றச் செயற்றிட்டங்களில் செய்வதுபோல ஒவ்வொரு வாசிப்புக்கும் பிறகு 100 மில்லிசெக்கன் தாமதம் வைத்து, ஒவ்வொன்றையும் திரையில் அச்சிட்டேன். மேசையில் ஆட்டிப் பார்த்தால் அருமையாக வேலை செய்தது. படலையில் தட்டினால் சில தட்டுக்குப் பதில் வந்தது, பல தட்டுக்கு வரவில்லை. சென்சர் பழுது என்றே நினைத்தேன்.

பிழை சென்சரில் இல்லை. மரத்தில் விழும் ஒரு கூரிய தட்டு சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும். செக்கனுக்குப் பத்துத் தரம் எட்டிப் பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அச்சிடுவதும் நேரத்தைத் தின்னும். 9600 வேகத்தில் செக்கனுக்கு 960 எழுத்துத்தான் போகும். ஒரு வரியில் 20 எழுத்து என்றால் அதற்கே 20 மில்லிசெக்கன் போய்விடும்.

ஆகவே தாமதக் கட்டளையை முழுதாக எடுத்துவிடுங்கள். வயர் நூலகத்தின் கடிகாரத்தை 400000க்கு உயர்த்துங்கள். மில்லிசெக்கனுக்கு ஒரு வாசிப்பு என்று வையுங்கள். அச்சிடுவது மோதல் பிடிபட்ட பிறகு மட்டும், அதுவும் 115200 வேகத்தில்.

புவியீர்ப்பைக் கழிப்பது

பல விளக்கங்களில் மூன்று அச்சையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதில் 1 ஜியைக் கழிக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கமும் புரளும் பொருளுக்கு அது வசதி. படலைக்கு நான் அதை விரும்புவதில்லை. மாடு முட்டுவது பக்கவாட்டில், புவியீர்ப்பு இருப்பது மேல் கீழாக. பக்கவாட்டில் 0.5 ஜி அடி விழுந்தால் 1இன் வர்க்கமும் 0.5இன் வர்க்கமும் சேர்ந்து 1.25, அதன் வர்க்கமூலம் 1.118. ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 0.118 ஜி மட்டும். உண்மையான அடியில் கால் பங்குகூட இல்லை!

அதனால் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி அடிநிலை (மோதல் இல்லாதபோது காட்டும் எண்) வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது 500 வாசிப்பின் சராசரியை எடுங்கள். பிறகு ஒவ்வொரு வாசிப்பிலும் பழைய அடிநிலையை 0.999ஆல் பெருக்கி, புதிய வாசிப்பை 0.001ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். படலை மெதுவாகத் திறந்தாலோ சரிந்தாலோ அடிநிலையும் மெதுவாகப் பின்னால் போகும். திடீர் அடி மட்டும் தனித்து நிற்கும். வாசிப்பில் இருந்து அடிநிலையைக் கழித்த மூன்று எண்ணையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் அடியின் அளவு. 4096ஆல் வகுத்தால் அது ஜியில் வரும்.

கணக்கை ஃபுளோட் (தசம எண்) வகையில் செய்யுங்கள். ஊனோவில் சாதாரண இன்ட் (முழு எண்) வகை 32767க்கு மேல் தாங்காது. 4096இன் வர்க்கமே ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டும். இன்ட்டில் விட்டால் விடை குப்பையாக வரும், பிழைச் செய்தி ஒன்றும் வராது.

பூட்டுவது

ஒட்டும் பஞ்சுப் பட்டி வேண்டாம். அடியை அந்தப் பஞ்சே விழுங்கிவிடும். சென்சர் பலகையின் துளைகளில் சிறிய திருகாணி போட்டுப் பெட்டியின் அடியில் இறுக்குங்கள், பெட்டியைப் படலைச் சட்டத்தில் இறுக்குங்கள். பிணைச்சல் பக்கம் வைத்தால் படலை திறக்கும்போது வயர் அதிகம் இழுபடாது. வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது.

ஊனோவும் டிரான்சிஸ்டரும் சென்சரோடு பெட்டிக்குள், சார்ஜரும் பஸரும் வீட்டுக்குள். மூன்று இழையில் ஒன்று 5 வோல்ற், ஒன்று கிரவுண்ட். இவை ஊனோவின் 5 வோல்ற் முனைக்கும் கிரவுண்டுக்கும் போகும். அப்படி இருக்கும்போது கணினி வயரைச் செருகாதீர்கள். பஸரின் நேர் முனை வீட்டிலேயே 5 வோல்ற்றில், எதிர் முனை மூன்றாவது இழை வழியாக டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிற்றர் கிரவுண்டுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் தடை வழியாக ஊனோவின் 8ஆம் முனைக்கு.

இடி மின்னல் நேரம் சார்ஜரைக் கழற்றி, வயரையும் வீட்டுப் பக்கத்தில் பிரித்து விடுங்கள். யானைக்குப் போட்ட மின்வேலி உங்கள் எல்லையில் இருந்தால் இந்தப் பெட்டியோ வயரோ அதற்குக் கிட்டவும் போகக் கூடாது.

எல்லை அளவு

இதற்குப் பொது எண் கிடையாது. உங்கள் படலையில்தான் அளக்கவேண்டும். சோளகக் காற்று வீசும் ஒரு பின்னேரம் கருவியைப் பூட்டி, பத்து நிமிடத்தில் வந்த ஆகக்கூடிய அளவை மட்டும் நினைவில் வைத்து அச்சிடச் செய்யுங்கள். பிறகு உள்ளங்கையால் மாடு முட்டுவதுபோல் தள்ளி அதையும் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண். என் படலைக்கு 0.6 ஜி சரிவந்தது. தகரப் படலை என்றால் காற்றுக்கே அதிரும், எண் கூடும்.

ஒரு முட்டுக்குப் பிறகு படலை சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வையும் புது மோதல் என்று எண்ணாமல் இருக்க, ஒன்று பிடிபட்டதும் 200 மில்லிசெக்கன் எண்ணிக்கையை நிறுத்துங்கள். இதற்கும் தாமதக் கட்டளை வேண்டாம், ஆர்டுயினோ தொடங்கியதில் இருந்து போன மில்லிசெக்கனைச் சொல்லும் மில்லிஸ் கட்டளையின் நேரத்தை ஒப்பிட்டால் போதும். ஐந்து செக்கனுக்குள் இரண்டு மோதல் வந்தால் மட்டும் பஸரை மூன்று செக்கன் அடிக்க விடுங்கள். ஒரு கிளை முறிந்து விழுந்தால் வீடு எழும்பத் தேவையில்லை. மாடு ஒரு முட்டோடு போகாது.

மாரி தொடங்கியதும் அளவை ஒருமுறை திரும்ப எடுங்கள். கயிறு நனைந்து இறுகும், மரமும் ஊறும், அதே முட்டுக்கு வேறு எண் வரும்.