காற்றுத் துப்பாக்கிக்குப் பெல்லட் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்தாம் வளையம் என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. 4.5 மி.மீ. விட்டமுள்ள பெல்லட்டின் (இத்துப்பாக்கியில் சுடும் சிறு ஈயக் குண்டு) விளிம்பு அதைத் தொட்டால் 10.0 கிடைக்கும், அங்கிருந்து மையத்தை நோக்கி 0.25 மி.மீ. நெருங்க நெருங்க மதிப்பெண் 0.1 வீதம் கூடி 10.9 வரை செல்லும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டும் மையத்திலிருந்து 0.25 மி.மீ. கூடுதலாக விலகினால், 60 ஷாட் கொண்ட தகுதிச் சுற்றில் 6 புள்ளிகள் போய்விடும். சென்னையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்து மீட்டெடுக்கும் அளவு அது.

வெளிநாடுகளில் மான் வேட்டைக்குச் செல்பவர்களில் சிலர் தோட்டாக்களைத் தாமே நிரப்பி, வெடிமருந்தின் அளவை மாற்றி மாற்றித் தம் ரைஃபிளுக்கு ஒத்துவருவதைக் கண்டறிவார்கள். கிண்டி தேசியப் பூங்காவின் புள்ளிமான்களையும் வெளிமான்களையும் அண்டை அயலாராகக் கொண்ட நமக்கு அந்த வேலை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இலக்குச் சுடுதலில் பெல்லட்டை ஆலையிலிருந்து வந்தபடியேதான் பயன்படுத்துகிறோம். நம் கையில் இருப்பது தேர்வு மட்டுமே என்பதால் அந்தத் தேர்வைச் சரியாகச் செய்ய வேண்டும்.

நான் மிக அதிகமாகக் காணும் தவறு, ஐந்து ஷாட் சுட்டுவிட்டு முடிவெடுப்பது. ஒரு டப்பாவிலிருந்து ஐந்து, இன்னொரு டப்பாவிலிருந்து ஐந்து. எந்த ஓட்டை சிறிதாக இருக்கிறதோ அந்தப் பெல்லட்டை வாங்கிவிடுகிறார்கள். இது எவ்வளவு ஏமாற்றும் என்பதை அறிய ஒரே டப்பாவை எடுத்து, எதையும் மாற்றாமல், ஐந்து ஐந்தாகப் பத்து குரூப் (ஒரே குறியில் சுட்ட ஷாட்டுகளின் தொகுப்பு) சுட்டுப் பாருங்கள். அவற்றுள் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் இரு வேறு பெல்லட்டுகளின் குரூப்களோ என்று ஐயுறும் அளவுக்கு வேறுபடக்கூடும். தற்செயலால் வரும் அந்த வேறுபாட்டைத்தான் பலர் பெல்லட்டின் தரம் என்று எண்ணிப் பணம் செலவழிக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் பத்து ஷாட் கொண்ட மூன்று நான்கு குரூப்களாவது சுட்டு, எல்லாவற்றையும் அளந்து, சராசரியை ஒப்பிட வேண்டும். மிகச் சிறந்த ஒரு குரூப்பை மட்டும் எடுத்துக்காட்டுவது சோதனையாகாது. ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தொலைவு ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

இதோடு ஒட்டியது, விலகிய ஷாட்டைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. தோளில் வைத்துச் சுடும்போது 'கை நடுங்கிவிட்டது' என்று சொல்ல இடமுண்டு. துப்பாக்கியைக் கிளாம்பில் உறுதியாகப் பிடித்துச் சோதிக்கும்போது விலகிய ஷாட்டும் அந்தப் பெல்லட்டின் இயல்பே. பிடித்தமான பெல்லட் என்றால் மன்னிப்பதும் பிடிக்காதது என்றால் தண்டிப்பதும் நம் எல்லோருக்கும் உள்ள குணம். அதனால் என்னிடம் பயிற்சி பெறுபவர்களிடம் டப்பாவின் பெயரை மறைத்து, எண் மட்டும் எழுதித் தருகிறேன். வரிசையையும் மாற்ற வேண்டும்: முதலில் ஒன்று, இரண்டு, மூன்று, அடுத்த சுற்றில் மூன்று, இரண்டு, ஒன்று. இல்லையெனில் துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரின் அழுத்தம் இறங்குவதும் அறையின் சூடும் கடைசிப் பெல்லட்டின் தலையில் விழும்.

குழலைச் சோதனைக்கு முன் பளபளவென்று துடைத்துவிட்டு உடனே எண்ணத் தொடங்குவதும் தவறு. புதிய பெல்லட்டுக்கு மாறியதும் முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். குழலின் உட்பரப்பு அந்த ஈயத்துக்குப் பழக வேண்டும்.

தலை அளவு (பெல்லட்டின் முன்பக்க விட்டம்) 4.49, 4.50 மி.மீ. என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது அடுத்த பிழை. ஒரே அளவு அச்சிட்ட, ஆலையில் வெவ்வேறு முறை தயாரான இரு தொகுதிகள் ஒரே குழலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். நல்லதெனத் தெரிந்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பருவம் முழுவதற்கும் தேவையான டப்பாக்களை அதே எண்ணில் வாங்குங்கள். பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பதில் நேரம் செலவிடுவதைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

வாங்கிய பின் டப்பாவைக் கீழே போட்டால், மென்மையான ஈயம் என்பதால் பெல்லட்டின் பின்பக்க விளிம்பு நசுங்கிவிடும். கடற்கரை நகரமான சென்னையில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழை மாதங்களில், திறந்து வைத்த டப்பாவில் வெண்பொடி பூக்கலாம். சிலிக்கா ஜெல் பையுடன் இறுக மூடிய பெட்டியில் வையுங்கள்.

சிலிண்டரை அவசரமாக நிரப்பினால் அது சூடேறி, ஆறிய பின் அழுத்தம் குறைந்து காட்டும். ஆறவிட்டே சோதனையைத் தொடங்குங்கள். வெல்டிங் கடை ஆக்சிஜனை அதில் ஒருபோதும் நிரப்பக் கூடாது, ஏனெனில் அது வெடிக்கக்கூடும். சோதனை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும், விரல்களில் ஒட்டியிருப்பது ஈயம்.