தீபாவளி ஆர்டர் குவியும்போது தலை சுற்றாமல் இருக்க: வீட்டிலிருந்து ஆன்லைனில் பலகாரம் விற்பவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா, மகளின் தலை தீபாவளிக்கு மூன்று கிலோ அதிரசம் கேட்டிருந்தார். பணமும் போட்டுவிட்டார். மெசேஜைப் படித்த நான், 'ராத்திரி எழுதி வைத்துக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். அதற்குமேல் எழுபது மெசேஜ் வந்து விழ, அது கீழே போய்விட்டது. தீபாவளிக்கு மறுநாள் அவர் போன் செய்தபோதுதான் எனக்கு நினைவே வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அந்த நாளைத் திருப்பித் தர முடியவில்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் அனுப்புகிறோம். அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கியவர்கள் இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே நோட்டுக்குக் கொண்டு வாருங்கள்

ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், இன்ஸ்டாகிராமில் வரும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வாய்வார்த்தையாகவும் வரும். ஒரு ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் ஒரு நீள நோட்டில் இறக்குங்கள். ஒரு வரிக்கு ஓர் ஆர்டர். பெயர், ஊர், பின்கோடு, என்ன பலகாரம், எத்தனை கிலோ, பணம் வந்ததா, அவர் கையில் கிடைக்க வேண்டிய நாள், நாம் அனுப்பிய நாள். இந்தக் கட்டங்கள் போதும். எக்செல் தெரிந்தவர்கள் அதில் போடலாம். மாவுக் கையோடு நிற்கிற எனக்கு நோட்டுதான் வசதி.

ஒரு விதி: நோட்டில் ஏறாதது ஆர்டர் இல்லை. மெசேஜைப் படித்தால் அப்போதே எழுதுங்கள். எழுத முடியாத நேரம் என்றால் திறக்காதீர்கள்.

படி 2: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

யார் முதலில் கேட்டார் என்ற வரிசையில் வேலை செய்தால் கண்டிப்பாகச் சிக்குவோம். யாருக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வரிசை.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பலகாரம் வெள்ளிக்கிழமை, 6ஆம் தேதியே கையில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். கூரியருக்கு மூன்று நாள் விட்டால், 3ஆம் தேதி செவ்வாய் பார்சல் கிளம்ப வேண்டும். அப்படியானால் 2ஆம் தேதி திங்கள் சுட்டு, ஆற வைத்து, பேக் செய்ய வேண்டும். அதிரச மாவு பாகில் கிடந்து பதமாக மூன்று நாள் விடுவோம், ஆக அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை மாவு கிளறியாக வேண்டும். அரிசி, வெல்லம் வாங்க அதற்குமுன் இரண்டு நாள். எனவே அதிரச ஆர்டருக்குக் கடைசி நாள் அக்டோபர் 28, புதன். தேன்குழலுக்கு இவ்வளவு முன்கூட்டி வேண்டியதில்லை. ஒவ்வொரு பலகாரத்துக்கும் தனித்தனியாக இப்படி எண்ணி, அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 3: கை அளவைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். எங்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு அடுப்பு. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒரு மணி வரை தேன்குழல் பிழிந்தால் 12 கிலோ வரும். அதே ஆட்கள், அதே நேரம், சீப்புச்சீடை என்றால் 4 கிலோ தாண்டாது. பிழிந்த மாவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஒட்ட வேண்டுமே! இரண்டையும் 'ஒரு கிலோ ஆர்டர்' என்று ஒரே மாதிரி எண்ணியதால்தான் முன்பெல்லாம் ராத்திரி இரண்டு மணி வரை அடுப்பு எரிந்தது.

ஒரு வாரம் அளந்து பாருங்கள். வரும் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஐப்பசி மழை, மின்வெட்டு, ஒருவருக்குக் காய்ச்சல் எல்லாம் அந்தப் பங்குக்குள் அடங்க வேண்டும். மீதிதான் நீங்கள் வாங்கக்கூடிய ஆர்டர். நிறைந்ததும் நிறுத்துங்கள். நான் போடும் ஸ்டேட்டஸ் இது: "தீபாவளி ஆர்டர் நிறைந்துவிட்டது. கார்த்திகைக்கு இப்போதே சொல்லி வைக்கலாம்." முதல் முறை போடும்போது கை நடுங்கியது. ஆனால் பாதிப் பேர் கார்த்திகைக்குச் சொன்னார்கள்.

படி 4: ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்யாதீர்கள்

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான். அதில் 'குயிக் ரிப்ளை' என்று ஒன்று உண்டு. பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடு போட்டுச் சுருக்குச் சொல்லை அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். விலை, பணம் அனுப்பும் விவரம், முகவரி கேட்பது, பார்சல் கிளம்பிய செய்தி, எத்தனை நாள் கெடாது என்பது. இந்த ஐந்தை இன்றே போடுங்கள். 'லேபிள்' வைத்து, பணம் வந்தவர் வராதவர் என்று உரையாடல்களைப் பிரித்துவிடலாம்.

பதில் சொல்ல நாளுக்கு இரண்டு நேரம் போதும். எனக்கு மதியம் இரண்டு, இரவு எட்டு. மற்ற நேரத்துக்கு, தானாகவே போகும் 'அவே மெசேஜ்' பேசிக்கொள்ளும்.

படி 5: பெட்டியடியைத் தேடுங்கள்

எங்கள் ஐயா சின்ன வயதில் பினாங்கில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பர்மா, மலாயா, இலங்கை என்று இங்கிருந்து போன நகரத்தார் கடைகளில் மேலே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசிப் படியில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடி என்று படிநிலை உண்டு. முதலாளி இங்கே ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துவது மேலாள். கணக்கு மட்டும் ஊருக்கு வரும். விமானம், போன் இல்லாத நாளில் கடலுக்கு அப்பால் அப்படித் தொழில் நடந்திருக்கிறது. நாமோ டேப் ஒட்டுவதைக்கூட அடுத்தவரிடம் விடமாட்டோம் என்கிறோம்.

உங்கள் வேலைகளை அதே மாதிரி மூன்றாகப் பிரியுங்கள். பாகு பதம் பார்ப்பது, விலை வைப்பது, குறை சொல்பவரிடம் பேசுவது உங்களுடையது. பணம் வந்ததா என்று சரிபார்ப்பதும் முகவரி எழுதுவதும் அடுத்தாள் வேலை. எடை போடுவது, பெட்டி மடிப்பது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தந்த 14 இலக்க எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது, பேக் செய்த தேதியைக் குத்துவது எல்லாம் பெட்டியடி வேலை. முதலில் இந்தக் கடைசி வகையை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் தினம் மூன்று மணி நேரம் வருகிறாள். கூலியை முதல் நாளே பேசி முடித்தேன். இரண்டு வாரம் கூடவே நின்று காட்டினேன், பெட்டிக்குள் எதன்மேல் எதை அடுக்க வேண்டும் என்று போட்டோ எடுத்து ஒட்டினேன். இப்போது தேன்குழல் என்னைவிட அவள் பேக் செய்தால்தான் நொறுங்காமல் போகிறது.

படி 6: ஞாயிறு மாலை நோட்டைத் திறங்கள்

அரை மணி நேரம் போதும். 'அனுப்பிய நாள்' கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அவற்றில் எதுவாவது நாள் தவறும் என்று தெரிந்தால், திங்கள் காலை அடுப்புப் பற்ற வைக்கும் முன் அவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், போன்.