சங்கு கேட்டால் முதலில் கதவைச் சாத்துங்கள்

ராதாபுரம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் போடுவது என் பிழைப்பு. கூடங்குளத்துக்கு வடக்கே, அணுமின் நிலையத்தைச் சுற்றி அவசரகாலத் திட்டம் போட்டிருக்கும் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் இருக்கிறோம். "சங்கு ஊதினா பைக்கை எடுத்துக்கிட்டு வள்ளியூருக்கு ஓடிர வேண்டியதுதானே வே?" என்று டீக்கடையில் அண்ணாச்சிமார் கேட்பதுண்டு. அது தப்பு. நிலையத்தில் விபத்து என்று ஊதும் சங்குக்கு, அதாவது சைரனுக்கு, ஒரே அர்த்தம்தான்: உள்ளே போ, அடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கேள்.

சத்தம் காற்றோடு போகும் சரக்கு. ஆடி மாதம் மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது மேற்கே கட்டிய குழாய் ஸ்பீக்கர் கிழக்கே வெகுதூரம் கேட்கும். மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளினாலே மங்கிவிடும். அதனால் உங்கள் வீட்டுக்குள் சங்கு கேட்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிலையத்துக்கு உள்ளே ஊதும் சங்கு முதலில் அங்கே வேலை செய்பவர்களுக்கானது. ஊருக்கு ஆபத்து என்றால் அதை அறிவிக்க வேண்டியவர் கலெக்டர். பெரும்பாலும் மைக் கட்டிய வண்டிதான் தெருவுக்கு வரும். செல்போனில் அரசின் அவசரச் செய்தி அலறலாம். 2023இல் சோதனைக்காக அலறியதே, அதுதான். போன் செட்டிங்கில் 'எமர்ஜென்சி அலர்ட்' அணைந்திருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பேட்டரி ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். கரண்ட் போய் டவரும் செத்தால் அதுதான் துணை. திருநெல்வேலி வானொலியும் நாகர்கோவில் பண்பலையும் எங்கே பிடிக்கிறதோ, முள் நிற்கும் அந்த இடத்தில் நகப்பாலீஷால் ஒரு புள்ளி வையுங்கள். இருட்டில் பாட்டிகூட திருப்பிவிடுவார். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

வீட்டுக்குள் வந்ததும் கதவு, ஜன்னல், மாடிக் கதவு எல்லாவற்றையும் சாத்துங்கள். அடுப்படி எக்ஸாஸ்ட், ஏர்கூலர் இரண்டையும் நிறுத்துங்கள். வாசலிடுக்கில் ஈரத் துணியைத் திணியுங்கள். ஓட்டு வீடு, தகர ஷெட் என்றால் பக்கத்துக் கான்கிரீட் வீட்டுக்குப் போய்விடுவது மேல். வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டி வெளியிலேயே வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். துணியைக் கழற்றினாலே ஒட்டியிருக்கும் கதிரியக்கத் தூசியில் பெரும்பகுதி போய்விடும். பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்க்காதீர்கள், தோல் கீறக்கூடாது.

கிணற்றை மூடுங்கள், குடங்களுக்குத் தட்டுப் போடுங்கள். முற்றத்து முருங்கைக்கீரையைப் பறிக்க வேண்டாம். மாட்டைத் தொழுவத்தில் கட்டி, மூடி வைத்திருந்த வைக்கோலைப் போடுங்கள். பால் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். புல்லில் படியும் கதிரியக்க அயோடின் பசுவின் வழியாகப் பாலுக்கு வந்துவிடும். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகளில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே 'குடிக்கலாம்' என்று அறிவிப்பு வரும்வரை பால்பவுடர் போதும்.

அயோடின் மாத்திரையைச் சுகாதாரத் துறையினர் கொடுத்து, விழுங்கச் சொன்ன பிறகுதான் விழுங்க வேண்டும். தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும், சுமார் ஒரு நாளுக்குக் காக்கும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத்தான் முதலில். கிழவர்கள் நாம் வரிசையில் பின்னால் நிற்கலாம். 2011இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது சீனாவில் கடை கடையாய் உப்பு வாங்கிக் குவித்தார்கள். சாப்பாட்டு உப்பால் ஒரு பயனும் கிடையாது. புண்ணுக்குப் போடும் டிங்சரைக் குடிப்பது அதைவிட மோசம்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க நம் பக்கம் கருவியே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையைப் பாருங்கள், இறக்கை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. நின்றுபோன காற்றாலையை நம்பாதீர்கள். கச்சானில் இடிந்தகரை, விஜயாபதிப் பக்கம் போகும். வாடைக்கால வடகிழக்குக் காற்றில் பெருமணல், கூட்டப்புளிப் பக்கம். ஆனால் இதை வைத்து நீங்களாக வண்டியைக் கிளப்பக்கூடாது. எந்த ஊர் கிளம்ப வேண்டும், ராதாபுரம் வழியா, அஞ்சுகிராமம் வழியா, உவரி வழியா என்பதை அதிகாரிகள் சொல்வார்கள். எல்லோரும் ஒரே சாலையில் முட்டினால் ஆம்புலன்ஸ்கூட நகராது. பள்ளிக்கூடத்துக்கும் ஓடாதீர்கள்; பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள் என்று தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கிளம்பச் சொன்னால் எடுக்க ஒரு பை ஆணியில் தொங்கட்டும்: மூன்று நாள் சுகர், பிரஷர் மாத்திரை, டார்ச், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கொஞ்சம் சில்லறைப் பணம். அப்புறம், கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு கேள்வி: இங்கே சங்கு எப்படி ஊதும், பஸ் எங்கே வந்து நிற்கும்? போர்க்காலச் சங்கில் ஏறி இறங்கினால் ஆபத்து, ஒரே சீராக நீண்டால் ஆபத்து நீங்கியது என்பது வழக்கம். இங்கேயும் அப்படித்தானா என்று அவரிடமே உறுதிசெய்து, பதிலைக் கேஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். ஒத்திகை நடக்கிறது என்று அறிவிப்பு வந்தால் வயல் வேலையை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டுப் போய் வாருங்கள்.