வரவேற்பறைக்கு ஓர் உயர்ரக ஆம்ப்ளிஃபையர்: எங்கிருந்து தொடங்குவது?

"மூவாயிரம் வெள்ளி எடுத்து வைத்திருக்கிறேன். எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?" புதிதாக ஸ்டீரியோ அமைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: ஸ்பீக்கர் எது? சோஃபா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எந்த நேரத்தில் பாட்டுக் கேட்பீர்கள்? சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டு வரவேற்பறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நம்மில் பலர் கேட்பது அங்கேதான்.

படி 1: ஸ்பீக்கரின் குறிப்பேட்டைப் படியுங்கள்

ஸ்பீக்கரை முடிவுசெய்யாமல் ஆம்ப் கடைக்குப் போகாதீர்கள். குறிப்பேட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சென்சிடிவிட்டி: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பது. மற்றது இம்பீடன்ஸ்: மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. அது ஓம் கணக்கில் இருக்கும்.

முதல் எண்ணில் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கருக்குச் சுமார் 83 டெசிபெல். கிளிப்ஷ் நிறுவனத்தின் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள் 100ஐத் தாண்டும். பின்னதுக்கு 1 வாட் போதுமான இடத்தில் முன்னதுக்கு ஐம்பது வாட்டுக்கு மேல் வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் 85க்கும் 90க்கும் இடையில் இருக்கின்றன.

படி 2: உங்களுக்கு வேண்டிய வாட்டைக் கணக்குப் போடுங்கள்

இரண்டு விதி தெரிந்தால் போதும். சத்தம் 3 டெசிபெல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபெல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு.

ஸ்பீக்கர் 87 டெசிபெல், சோஃபா 3 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் 9, 10 டெசிபெல் போய்விடும். ஸ்பீக்கர் இரண்டு என்பதாலும், சுவரில் பட்டு வருவதாலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆக, 1 வாட்டில் உங்கள் காதுக்கு ஏறக்குறைய 80 டெசிபெல் வரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல். 75 இருந்தால் வரவேற்பறை நிறைந்துவிடும். அதற்கு அரை வாட் கூடத் தேவையில்லை!

ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. நல்ல ஒலிப்பதிவில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால், மிருதங்கத்தின் அடி சராசரியைவிட 20 டெசிபெல் வரை மேலே எகிறும். 95 டெசிபெலைத் தொட 30 வாட் வேண்டும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு. கொஞ்சம் கையிருப்பும் சேர்த்தால், நம் வீடுகளுக்கு 50 முதல் 80 வாட் தாராளம். 200, 300 வாட் என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த நாட் 3020 ஆம்ப் 20 வாட்தான். குறைந்த விலையில் நல்ல ஒலி என்றால் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள்.

படி 3: 4 ஓம் வாட் எண்ணைப் பாருங்கள்

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர்கூட சில ஸ்வரங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும். அப்போது அது ஆம்பிடமிருந்து இரண்டு மடங்கு கரண்ட் கேட்கும். அந்த நேரத்தில் ஆம்ப் திணறாமல் இருக்க வேண்டும்.

இதை அறிய எளிய வழி, 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் கொடுத்திருக்கும் வாட் எண்களை ஒப்பிடுவது. ஜப்பானின் லக்ஸ்மன் எல்-550ஏஎக்ஸ்2 என்ற ஆம்ப் 8 ஓமில் 20 வாட், 4 ஓமில் சரியாக 40 வாட். எடை 24 கிலோ. பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டர்களும் உள்ளே இருப்பதால்தான் அந்தக் கனம். உயர்ரக ஆம்புக்கு நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு இந்த மின்வழங்கிப் பகுதிக்குப் போகிறது. 8 ஓமில் 100, 4 ஓமில் 120 என்று இருந்தால், மின்வழங்கியில் செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

கிளாஸ் ஏ, ஏபி, டி என்பவை ஆம்பின் உள்சுற்று வேலை செய்யும் விதத்தைக் குறிக்கும் வகைகள். அவற்றைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். கிளாஸ் ஏ பாட்டு ஓடாவிட்டாலும் அடுப்புபோல் சுடும். நம் ஊர்ச் சூட்டில் ஏர்கானுக்கும் சேர்த்துச் செலவு. கிளாஸ் டி குளிர்ச்சியாக ஓடும், இடமும் அடைக்காது. பெரும்பாலோருக்கு ஏபி வகை இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) ஒன்றே போதும்.

படி 4: குறைந்த சத்தத்தில் சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் 200 வாட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். கடையில் பிரமாதமாகப் பாடியது. வீட்டில், மகள் தூங்கிய பிறகு, வால்யூம் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலையில் வைத்தேன். நடுவில் கேட்க வேண்டிய பாடகியின் குரல் வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி நின்றது. ஒன்பது மணி நிலைக்குத் திருப்பினால் குரல் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் சத்தம் படுக்கையறைக்குப் போகும். எத்தனையோ இரவு அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே குமிழை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளியது. சாதாரண வால்யூம் குமிழுக்குள் இரண்டு சேனலுக்கும் தனித்தனிக் கரித்தடம் (கார்பன் பூச்சு) உண்டு. தொடக்கப் பகுதியில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆம்பின் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை அது பெருக்கும் அளவு, அதிகமானால் நாம் அந்தத் தொடக்கப் பகுதியிலேயே மாட்டிக்கொள்வோம். பல உயர்ரக ஆம்ப்களில் கரித்தடத்துக்குப் பதிலாக ரெசிஸ்டர்களைப் படிப்படியாக மாற்றும் வால்யூம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், தவறே இல்லை.

எனவே கடையில், இரவு பத்து மணிக்கு வீட்டில் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை இறக்கச் சொல்லுங்கள். தம்புராவின் நீண்ட ஒலி ஸ்பீக்கர்களுக்கு நடுவில் அசையாமல் நிற்கிறதா? பாட்டை நிறுத்தி ஸ்பீக்கரருகே காதை வையுங்கள். ஊம் என்ற இரைச்சல் வருகிறதா?

படி 5: சரிசமமாக ஒப்பிடுங்கள்

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில், கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடம் ஹைஃபை கடைகளுக்குப் பேர்போனது. வார நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். உங்களுக்கு மனப்பாடமான நான்கு பாட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் மிருதங்கம் அவசியம் இருக்கட்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி உருண்டையாக எழுந்து சட்டென்று நிற்க வேண்டும். கொழகொழவென்று இழுத்தால் ஸ்பீக்கரை அந்த ஆம்ப் பிடித்து நிறுத்தவில்லை என்று எண்ணலாம்.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். 1 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். கைப்பேசியில் டெசிபெல் அளக்கும் செயலி போதும். உட்காரும் இடத்தில் வைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். விலை கேட்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தா என்றும் கேளுங்கள்.

படி 6: பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய ஆம்ப் வாங்குபவர்களுக்கு இது உயிர்நாடி. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இங்கே 230. அங்கிருந்து வரும் அழகான ஆம்பை நம் மூன்று முள் பிளக்கில் நேரடியாகச் செருகினால் நல்ல காலமிருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். மின்கம்பி சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடம் விட்டு, திறந்த தட்டில் வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மூடியில் கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால் இன்னும் இடம் விடுங்கள்.